குடும்பத்தில் ஒருவருக்கு

வாசலில் தீயணைப்பு வண்டி வந்து நின்றதும் தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் இரண்டு வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். மாடியைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார், புகையைக் காணாமல் கடைசியில் நிலைய அதிகாரியைப் பார்த்தார்.

"எங்கேயும் தீப்பிடிக்கல சார். ஆறுதல் சொல்ல வந்திருக்கோம்," என்றார் அதிகாரி. "பயிற்சி ஓட்டம்னு பதிவேட்டுல எழுதிட்டு வந்தோம்."

எதிர்வீட்டுக்காரர் வாளிகளைக் கீழே வைத்துவிட்டு அவர்களோடு உள்ளே போனார்.

அது தீயணைப்பு வீரர் ஏணியின் வீடு. உயரம் ஆறடி இரண்டங்குலம் என்பதால் நிலையத்தில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. எட்டு நாளைக்கு முன் அவர் கொடுத்த விடுப்புக் கடிதத்தில், 'குடும்பத்தில் ஒருவருக்கு மார்பில் கட்டி. பயாப்சி எடுத்திருக்கிறார்கள். முடிவு வரும்வரை விடுப்பு தேவை' என்று எழுதியிருந்தார். அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

மூன்று பேர் உட்காரும் சோபாவில் பூட்ஸும் ஹெல்மெட்டுமாக ஐந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஏணியின் மனைவி ஒரு நாற்காலியைத் தூக்கிவந்தாள்.

"ஐயோ அண்ணி, நீங்க போய்த் தூக்கலாமா!" ஐவரும் ஒரே நேரத்தில் பாய்ந்து பிடுங்கியதில், நாற்காலி ஒருவர் கையிலும் அதன் கால் இன்னொருவர் கையிலும் வந்தது.

"அண்ணன் எங்கே?"

"சமையல்கட்டுல பாத்திரம் தேய்க்கிறார்."

எட்டு நாளாக அதே வேலைதான். அழுக்குப் பாத்திரமெல்லாம் தீர்ந்துபோய், பெட்டியைப் பிரித்துப் புதுப் பாத்திரங்களை இப்போது தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இப்படி உருகுற மனுஷனை நான் பார்த்ததே இல்லம்மா," என்றார் அதிகாரி. நிலையத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்ட அட்டை ஒன்றை நீட்டினார்.

அவசரத்துக்குக் கடையில் வேறு அட்டை கிடைக்கவில்லையாம். மேலே தங்க எழுத்தில் 'பணி ஓய்வு வாழ்த்துகள்' என்று பளபளத்தது. கீழே ஒருவர், 'தைரியமாக இருங்கள் அண்ணி' என்று எழுதியிருந்தார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கப் போனவள் அழுதுவிட்டாள். "பயமா இருக்கு சார். காலையில கண்ணு முழிச்சதும் மூச்சு வருதான்னுதான் முதல்ல பார்க்கிறேன்."

ஐந்து வீரர்களும் கூரையைப் பார்த்தார்கள்.

அதற்குள் வாசலில் விஷயத்தைக் கேள்விப்பட்ட மாடிவீட்டு அக்கா நான்கு தலைத்துணிகளோடு இறங்கி வந்தாள். "முடி கொட்டினா கட்டிக்கடி. பூப்போட்டது வெளியே போறதுக்கு, கட்டம்போட்டது வீட்டுக்கு." துணிகளை மடியில் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஆமா, கட்டி எந்தப் பக்கம்?"

ஏணியின் மனைவி விழித்தாள். உள்ளே நார் தேய்க்கும் சத்தம் சட்டென்று நின்றது.

"இடது," என்று சமையல்கட்டிலிருந்து ஏணியின் குரல் வந்தது.

"பார்த்தியா! பொண்டாட்டிக்கு ஒண்ணுன்னா புருஷன் எப்படித் துல்லியமா சொல்றாரு!" அக்கா மூக்கைச் சிந்தினாள்.

"ஆபரேஷன்னா கவலையே வேண்டாம் அண்ணி," என்றார் சோபாவில் நடுவில் சிக்கியிருந்தவர். "ஸ்ட்ரெச்சருக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். நாங்களே தூக்கிட்டுப் போயிடுவோம். எப்படின்னு பாருங்க." பாவம், பக்கத்தில் நின்ற எதிர்வீட்டுக்காரரை ஒரே வீச்சில் தோளில் போட்டுக் காட்டினார்.

அந்த நேரம் பார்த்து ஏணியின் மனைவியுடைய போன் அடித்தது.

"ஆஸ்பத்திரியிலேருந்து," என்றாள். பச்சைப் பொத்தானை இரண்டு முறை தவறவிட்டு மூன்றாவது முறை எடுத்தாள்.

மற்ற நால்வரும் எழுந்து ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்கள். எதிர்வீட்டுக்காரரை இறக்கிவிட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தோளிலேயே தொங்கினார்.

"சொல்லுங்க டாக்டர்... ம்... ம்... வெறும் கொழுப்புக் கட்டியா? நிச்சயமா? புற்று இல்லையே? இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டர்!"

வீடு அதிர்ந்தது. ஹெல்மெட்டுகள் மேலே பறந்தன. ஒருவர் வெளியே ஓடிப்போய் வண்டியின் சைரனை அலறவிட்டார். அக்கா அவளைக் கட்டிப்பிடித்து, "உனக்கு இது மறுபிறவிடி!" என்று குலுக்கினாள். அதிகாரி விறைப்பாக நின்று அவளுக்கு ஒரு சல்யூட் அடித்தார்.

அவள் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரையும் தள்ளிக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடினாள். அங்கே ஏணி, பாத்திரங்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, நுரைக் கையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

யாரிடமும் வாயைத் திறக்கமாட்டேன் என்று எட்டு நாளைக்கு முன் அவருக்குக் கொடுத்த வாக்கு அந்த நிமிஷம் அவள் நினைவிலேயே இல்லை. சைரன் ஓய்ந்த அமைதியில் அவள் குரல் தெருமுனை வரை கேட்டது.

"என்னங்க, உங்களுக்கு ஒண்ணுமே இல்லையாம்!"