டப்பாப் பரீட்சை

காட்டுக்குள்ளிருந்து விசில் சத்தம் கிளம்பியது. ஒன்று, இரண்டு, மூன்று.

விடுதி வராந்தாவில் உட்கார்ந்திருந்த கடைக்காரர் தொடையில் ஒரு தட்டுத் தட்டி எழுந்தார். "கேட்டியா? மூணு விசில் அடிச்சா, 'வழி தெரியலை, காப்பாத்துங்க'ன்னு அர்த்தம். உன் புத்தகப்புழு உள்ளே போய்ப் பத்து நிமிஷம்கூட ஆகலை!"

மகளின் முகம் சுருங்கிப்போனது. அவள் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டவன் நூலகத்தில் வேலை பார்க்கிறவன். அப்பாவோ மலையேறப் போகிறவர்களுக்குச் சாமான் விற்கிறவர். காட்டில் சமாளிக்கத் தெரியாதவனுக்குப் பெண் கிடையாது என்று ஒற்றைக்காலில் நின்றார்.

அதற்குத்தான் இந்தப் பரீட்சை. கடையில் அவரே அடுக்கி விற்கும் கையகல டப்பா ஒன்றை அவனிடம் கொடுத்திருந்தார். தீப்பெட்டி, திசைகாட்டி, பிளேடு, பிளாஸ்திரி, விசில், அவர் கைப்பட எழுதிய குட்டிக் கையேடு. அதை மட்டும் வைத்துக்கொண்டு காட்டைச் சுற்றி நாலு மணிக்குள் வந்து சேர வேண்டும்.

"சரி, நான் போய் இழுத்துட்டு வரேன்."

"தனியாவா? உள்ளே ஒரே புதரா இருக்குங்க," என்றாள் மனைவி.

"கண்ணைக் கட்டி விட்டாலும் வந்துடுவேன்டி!" சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். அங்கேயும் ஒரு டப்பா புடைத்துக்கொண்டிருந்தது. "இது இல்லாம நான் மொட்டை மாடிக்குக்கூடப் போறதில்லை."

ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டது. மறுபடி மூன்று விசில். இந்தத் தடவை ஓடைப் பக்கத்திலிருந்து. நின்று, மறுபடி மூன்று. அப்புறம் நிறுத்தவே இல்லை.

"பாவம், விடாம ஊதுது பிள்ளை," என்றாள் அம்மா. "உங்கப்பா இன்னும் அங்கே போய்ச் சேரலை போல."

"நீயும் கிண்டல் பண்றியாம்மா?"

"நான் என்னடி சொல்லிட்டேன்? எனக்கு அவனைப் பிடிச்சுத்தான் இருக்கு. மூச்சும் நல்லா பலமா இருக்கு."

மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வருஷமாக அப்பாவைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய ஒரே வாய்ப்பு இது. அதுவும் விசிலோடு விசிலாகப் போய்விட்டது.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது இரண்டு பேரும் தோளில் கை போட்டபடி வந்தார்கள். முழங்கால் வரை சேறு. மகள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"கல்யாணத்துக்குத் தேதி பார்த்துடலாம்," என்றார் அப்பா, யார் முகத்தையும் பார்க்காமல்.

"என்னங்க இது? இழுத்துட்டு வரேன்னு போனீங்க..."

"நீ சும்மா இரு. மாப்பிள்ளை, இனிமே இந்த சார் கீர் எல்லாம் வேண்டாம். வாய் நிறைய மாமான்னு கூப்பிடுங்க." சொன்ன வேகத்தில் குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

அம்மா தேநீர் கொண்டுவர உள்ளே போனதும், மகள் அவன் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "என்ன மாயம் பண்ணீங்க? காடே அதிர விசில் அடிச்சும் எப்படிச் சம்மதிச்சார்?"

அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். குளியலறைக் கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினான்.

"கையேட்டில முதல் வரியே, 'எல்லாத்தையும் ஒருமுறை சோதித்துப் பார்க்கவும்'னு எழுதியிருந்தார். அதனால முதல்ல சும்மா ஊதிப் பார்த்தேன்."

"அப்ப ரெண்டாவது தடவை?"

"அது மாமா."