துண்டு மறைக்காத தொகை

“துண்டைத் தோள்ல போட்டுக்கங்கண்ணே. என் கையை நீங்க பிடிக்க முடியாது, வாயைத் திறந்துதான் சொல்லணும்” என்றார் ஷரீஃபா.

அழகுராஜா சிரித்தார். ஆட்டு வியாபாரிகளின் வழக்கப்படி, துண்டின் மறைவில் விரல்களைப் பிடித்தே விலை முடிப்பவர் அவர். ஐந்தாண்டுகளாக ஆட்டுச்சந்தைக் குத்தகை அவரிடம் நிலைத்திருப்பதும் அவ்வாறே. ஏலத்துக்கு முன் போட்டியாளர் ஒவ்வொருவரையும் தனித்தனியே சந்தித்து, விரலைப் பிடித்துத் தொகை பேசி, போட்டியிலிருந்து விலக்கிவிடுவார். தொகை வாயில் வராது. ஆகவே சாட்சியும் இராது.

இன்னும் ஒரு மணி நேரத்தில் இவ்வாண்டு ஏலம். விலகாமல் எஞ்சியிருந்தவர், இந்தத் தோல் மண்டியை நடத்தும் ஷரீஃபா மட்டுமே.

மேசையில் மூன்று காலி டீ கிளாஸ்கள் இருந்தன.

“காலைலயே யாவாரம் ஜோரு போல” என்றபடி அமர்ந்தார் அழகுராஜா. “உங்க தம்பி நாசரை அனுப்பச் சொன்னேன்ல தங்கச்சி? ஆம்பள ஆளுன்னா அரை நிமிஷ வேலை.”

“குத்தகை கேக்குறது நானு. ஆட்டுக்கு இருபது ரூவா சுங்கம்னு போர்டு வச்சுட்டு அம்பது வாங்குறீங்க. நான் எடுத்தா இருபதுதான்.”

“எடுத்தாத்தானே! பாஸ்கல், சேக் பரீது, பாக்கியராஜ் மூணு பேரும் ஏலம் கேக்க மாட்டாங்க. உங்க ஏல மனுவை ஆபீசரே தள்ளிருவாரு. எதுக்கு வம்பு? ரெண்டு லட்சம் வாங்கிட்டு ஒதுங்கிக்கங்க.”

“லாரிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல.”

“ரெண்டு லட்சம்!”

“அவங்களுக்கும் இம்புட்டுத்தானா?”

“அட நீங்க வேற! பாஸ்கலுக்கு ஒண்ணரை, பரீது பாய்க்கு ஒண்ணு, பாக்கியராஜுக்கு வெறும் அம்பதாயிரம். ‘எல்லாருக்கும் இதேதான்’னு ஆளாளுக்குச் சத்தியம் பண்ணிருக்கேன். துண்டுக்குள்ள பிடிச்ச விரலை அடுத்தவன் எங்க பாக்கப் போறான்?”

“ஆபீசருக்கு?”

“எட்டு!” பெருமிதத்தோடு கத்தினார் அழகுராஜா.

“நாசரை அனுப்பியிருந்தா இதெல்லாம் சொல்லியிருப்பீங்களாண்ணே?” என்ற ஷரீஃபா, தலையைத் திருப்பிக் குரல் கொடுத்தார்: “எல்லாருக்கும் நல்லாக் கேட்டுச்சா?”

உப்பிட்டு ஆளுயரம் அடுக்கிய தோல்களுக்குப் பின்னாலிருந்து அந்த மூவரும் எழுந்து வந்தனர்.

“ஏலே அழகு, எனக்கு மட்டும் வெறும் அம்பதாயிரமா?” என்ற பாக்கியராஜ், ஷரீஃபாவின் பக்கம் திரும்பினார். “கிளம்பும்மா, ஏலத்துக்கு நேரமாச்சு. உன் மனுவை அந்த எட்டு லட்சத்து ஆபீசர் எப்படித் தள்ளுறாருன்னு நாங்க மூணு பேரும் நின்னு பாக்குறோம்!”