மூன்று விரல் பிடி

அறுபது வருடப் பழைய காரைத் துருப்பிடித்த கூடாக வாங்கி, நான்கு வருடம் பாடுபட்டு ஓட வைத்தவள் குணவதி. மாவு மில் பெல்ட்டில் இடது கையின் இரண்டு விரல்களைப் பறிகொடுத்த பிறகு, அந்தக் காரை விற்றுவிடச் சொல்லாத ஆளில்லை. அவளோ அதை ஜபருல்லாவின் வார்ப்புப் பட்டறைக்குக் கொண்டுபோனாள். விரிசல் விட்ட கியர் குமிழை அச்செடுத்து, தந்த நிற ரெசினை ஊற்றி, அதே மாதிரி ஒன்றை வார்த்துக் கொடுத்தான் அவன். பிடித்துப் பார்த்தாள். வழுக்கியது.

"கொஞ்சம் களிமண் குடு தம்பி," என்றாள். கியர் கம்பியின் தலையில் களிமண்ணை உருட்டி வைத்து, மிச்சமிருந்த மூன்று விரல்களால் இறுக்கிப் பிடித்தாள். "இத வார்த்துக் குடு."

"அக்கா, பழைய கார் கண்காட்சில மார்க்கக் குறைச்சிருவாங்க. கம்பெனி செஞ்ச மாதிரியே இருக்கணும்பாங்க."

"கம்பெனிக்காரன் என் கையப் பாத்தானா?"

இரண்டு நாளில் குமிழ் தயாரானது. அவள் கை வைத்ததும் கியர் சொன்ன பேச்சைக் கேட்டது.

கண்காட்சி மைதானத்தில் பாதிக் கார்கள் லாரியில் வந்து இறங்கின. குணவதி எண்பது கிலோமீட்டர் தானே ஓட்டிக்கொண்டு வந்தாள். நடுவர் உள்ளே குனிந்து குமிழைப் பிடித்தார். அவருடைய ஐந்து விரல்களுக்கு அதில் இடமில்லை.

"இது ஒரிஜினல் இல்லையேம்மா," என்று தாளில் பேனாவை வைத்தார்.

"நல்லா எழுதிக்குங்க சார்," என்று இன்ஜினை முடுக்கினாள் குணவதி. "எழுதிட்டு, கொஞ்சம் வழிய விட்டு நில்லுங்க."