ஒரே டேக்

"ஒன்மோர்" என்றால்தான் அந்தத் தயாரிப்பாளரை எவருக்கும் தெரியும். காட்சி எவ்வளவு நன்றாக அமைந்தாலும் இன்னொரு முறை எடுக்கச் சொல்வது அவர் வழக்கம். அவ்வாறு சொல்லாமல் விட்டது ஒருவரிடம் மட்டுமே. அவர், தயாரிப்பாளருடைய மனைவியின் அண்ணன். படநிறுவனம் தொடங்கியதே அந்த மைத்துனரின் வீட்டு மாடியில்தான். அதற்காக முதற்படத்தில் அவருக்கு ஒரு காட்சி தரப்பட்டது.

"பாத்தியா மாப்ள, எல்லாரையும் வறுத்தெடுக்கிற நீ, என்னை ஒரே டேக்ல விட்டுட்ட!" என்று அவர் பூரித்தார்.

வெட்டப்போகும் காட்சிக்கு இன்னொரு டேக் எதற்கு என்பதே காரணம். படம் வெளியான அன்று குடும்பத்தோடு வந்த மைத்துனர், விளக்குகள் எரிந்த பின்னரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பின் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

படங்கள் ஓடின, பின்னர் ஓடவில்லை. அலுவலகத்தைக் காலி செய்யும் நாளில் தயாரிப்பாளரும் படத்தொகுப்பாளரும் முதற்படத்தைப் போட்டுப் பார்த்தனர். கதாநாயகன் தனியே உண்ணும் காட்சியில், எதிரே முன்பு காலியாக இருந்த நாற்காலியில் மைத்துனர் அமர்ந்திருந்தார். அவர் இவர்களையே பார்த்தார்.

"அண்ணே, இவரைத்தான் நான் முழுசா வெட்டிட்டேனே! அதுவும், அப்ப இவருக்கு இவ்வளவு நரை ஏது?"

"போன வாரம் கடைத்தெருவுல பாத்தேன். இதே நரைதான். நான் பாக்காத மாதிரி வந்துட்டேன்."

அடுத்து மழைக்காட்சி வந்தது. அதிலும் மைத்துனர் ஓரமாக, நனையாமல் அமர்ந்திருந்தார்.

தயாரிப்பாளர் தலைகுனிந்தபடி எழுந்து, பெட்டியில் அடைத்திருந்த கேமராவை வெளியே எடுத்தார்.

"மச்சான் வீட்டுக்குப் போறேன்," என்றார். "ஒன்மோர் கேக்கணும்."