பாதி காலியான அட்டை

ஹார்மனின் உதட்டுக் கொப்புளத்தைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். காய்ந்து பக்குக் கட்டிவிட்டது. ஆனாலும் ஆஸ்பத்திரி நடையில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் ஒருத்தரும் உட்காரவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேத்தி. பிறந்து பதினொரு நாள், நேற்றிலிருந்து வலிப்பு. உதட்டுக் கொப்புளத்துக் கிருமிதான், பச்சைக் குழந்தைக்கு ஒரு முத்தம் போதும், பிழைத்தாலும் மூளை தேறுமா என்று இப்போது சொல்ல முடியாது என்றாள் டாக்டரம்மா.

குழந்தை பார்க்க வந்த அன்று கதவருகிலேயே நின்றதாக ஹார்மன் சொன்னார். கொடுத்த ரஸ்க்கையும் சோம்பு மிட்டாயையும் தின்றுவிட்டு அப்படியே கிளம்பினாராம். யார் நம்புவது? நெதர்லாந்தின் இந்த ஃப்ரீஸ்லாந்தில் குழந்தை பார்க்கப் போனால் வீட்டில் ஆளுக்கு மூன்று முத்தம். கொடுக்காமல் போனால்தான் ஊர் பேசும்.

மருமகளின் அம்மா ட்ரைன் சும்மா விடவில்லை. ஹார்மனின் மகன் வீபேயிடம் இருந்த சாவியை வாங்கிப் போய், கிழவர் வீட்டு அடுப்படி இழுப்பறையைக் குடைந்திருக்கிறாள். கொப்புளத்துக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டாள். பாதி காலி.

"முழங்கால் மாத்திரை, இருமல் மாத்திரை எல்லாம் பிரிக்காம கெடக்கு. இத மட்டும் முழுங்கியிருக்கீங்க சம்பந்தி. ஒட்டுற நோவுன்னு தெரிஞ்சுதானே?"

மருமகள் யிக்கே தலை நிமிரவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா என்று மட்டும் முனகினாள்.

வீபே அப்பாவான பெருமைக்கு ஒரு வாரமாக மீசை வளர்க்கிறான். அதைத் தடவியபடியே சொன்னான்: "பொய் சொன்னது போதும்பா. இனிமே எங்க வீட்டுப் படி ஏறாதீங்க."

ஹார்மன் அட்டையைப் புரட்டிப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஊசி குத்திய அந்தக் குச்சிக் கையைப் பார்த்தார். டாக்டர் கொடுத்த எதையும் ஆயுசில் வாயில் போடாத மனுஷன். எழுந்துபோய் அட்டையை மகன் கையில் திணித்தார்.

"மீசைய வழிச்சுட்டு வந்து உதட்டக் காட்டுடா."