மறுத்துப் பேசாத குரல்

மறதி நோய் வந்தவரிடம் மறுத்துப் பேசக் கூடாது, பேச்சை மாற்ற வேண்டும், வாசல் பூட்டியே இருக்க வேண்டும். இதையெல்லாம் என்னைவிடப் பொறுமையாகச் செய்தது, என் மகள் மங்கை எங்கள் வீட்டில் பொருத்திய பராமரிப்புக் கருவியின் குரல்.

என் கணவர் கதிரேசன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். காலையானால் காக்கிச் சட்டையைத் தேடுவார்.

"டூட்டிக்கு நேரமாச்சு, கதவத் தொற."

"இன்னிக்கு ஸ்ட்ரைக்குண்ணே. டீயக் குடிங்க" என்று அது சொல்லும். சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவார்.

அவர் இறந்த பிறகும் பழக்கத்தில் அவருக்கும் சேர்த்துத் தட்டு வைத்தேன். குரல் அதைக் கவனித்து மங்கையிடம் சொல்லியிருக்கிறது.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கிளம்பினேன். கதவு திறக்கவில்லை.

"எங்கக்கா கிளம்பிட்டீங்க?"

"ஆத்தங்கரைக்கு. அவருக்கு இன்னிக்குக் காரியம்."

"அண்ணன் டூட்டிக்குப் போயிருக்காரு. வந்துருவாருக்கா."

"அவரு செத்துப்போயிட்டாரு."

"சரிக்கா. முதல்ல டீயக் குடிங்க."

மங்கையைப் போனில் கூப்பிட்டேன். அவளுக்குப் பின்னால் ஐயர் மந்திரம் சொல்வது கேட்டது.

"எனக்கு ஒண்ணுமில்லடி. கதவத் தொறக்கச் சொல்லு."

"ஆமாம்மா, உனக்கு ஒண்ணுமில்ல" என்றாள், அப்பாவிடம் பேசிய அதே இதமான குரலில். "டீ குடிச்சியா?"