ஜெனரலின் ஒத்திகை

“உட்கார்ந்துக்கிட்டு பதில் சொல்லக் கூடாதுங்க. எழுந்து நில்லுங்க!”

மனைவி கரண்டியால் மேசையைத் தட்டியதும், ஜெனரல் கையிலிருந்த ரொட்டியை அப்படியே போட்டுவிட்டு விறைப்பாக எழுந்து நின்றார். முப்பத்தைந்து வருடப் பட்டாள வாழ்க்கையில் பீரங்கிக்கு முன்னால்கூட மனிதருக்கு இப்படி வியர்த்ததில்லை.

ஓய்வு பெற்ற கையோடு தேர்தலில் நின்று, ஜெயித்து, பொதுப்பணித் துறை அமைச்சராகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. இன்று பதினோரு மணிக்குச் சட்டசபையில் அவருக்கு முதல் கேள்வி நேரம். உளறினால் போச்சு. ‘துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவருக்குத் துறையை நடத்தத் தெரியவில்லை’ என்று நாளைக்கே பத்திரிகைகள் கிழித்துத் தோரணம் கட்டிவிடும். அதனால்தான், “கொஞ்சம் கேள்வி கேட்டுப் பழக்கிவிடும்மா” என்று அவரே மனைவியிடம் கேட்டுக்கொண்டார்.

“போன மாசம் போட்ட ரோடு ஒரே மழையில கரைஞ்சு போச்சே, என்ன பண்ணீங்க?”

“போட்டவரையே மறுபடி போடச் சொல்லியாச்சு, சார்!”

“சார் இல்ல. மாண்புமிகு உறுப்பினர்.”

“யெஸ் சார்!”

கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“ஆஸ்பத்திரிக் கட்டடம் ஏன் ஒழுகுது?”

“ஒழுகிச்சு. இப்ப ஒழுகல. நானே மொட்டை மாடியில ஏறிப் பார்த்துட்டேன்.”

“பரவாயில்லையே! சரி, ஆத்துப் பாலம்? நாலு வருஷமா மூணு தூணோட நிக்குதே, எப்ப முடியும்?”

ஜெனரல் கூரையைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். “அது வந்து... பாலம்னா... ஆத்துல தண்ணி...”

“தண்ணிக்கு என்ன?”

“தண்ணி இருக்கு.”

மகளுக்குச் சிரிப்பில் புரையேறியது.

“வேற எதை வேணா கேக்கட்டும்மா. பாலத்தைத் தொட்டா நான் காலி. எதிர்க்கட்சித் தலைவர் கேட்டுடுவாங்களா?”

“யாருக்குத் தெரியும்? பொல்லாத ஆளாச்சே அவங்க!”

“ஆமாமா, ஈவு இரக்கமே கிடையாது.”

மனைவி அவர் தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்தாள். “தைரியமா போங்க. எனக்கும் வேலைக்கு நேரமாச்சு” என்று சொல்லிவிட்டு, அவருக்கு முன்பே கிளம்பிப் போனாள்.

சபையில் ரோட்டைப் பற்றியும் ஆஸ்பத்திரியைப் பற்றியும் ஒருவரும் மூச்சு விடவில்லை. எதிர்க்கட்சித் தலைவர் எழுந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தார்.

“ஆற்றுப் பாலம் எப்போது முடியும்? அமைச்சருக்குத் தேதியாவது தெரியுமா?”

ஆளுங்கட்சி வரிசையில் பலர் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். ஜெனரல் எழுந்தார். கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

“நாலாவது தூணுக்கு அடியில பாறை இல்லை, வெறும் மணல். அதான் வேலை நின்னுபோச்சு. போன வாரம் படகுல போய், கூடவே நின்னு மண்ணைச் சோதிக்க வெச்சேன். நாப்பது அடி தள்ளிப் பாறை கிடைச்சிருக்கு. வரைபடத்தை மாத்தியாச்சு. திங்கட்கிழமை காலையில ஆறு மணிக்கு வேலை ஆரம்பம். அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால பாலத்து மேல பஸ் ஓடும். முதல் பஸ்ல மாண்புமிகு எதிர்க்கட்சித் தலைவர் அவசியம் வரணும்!”

மேசை தட்டும் சத்தத்தில் சபை அதிர்ந்தது. எதிர்க்கட்சியிலேயே இரண்டு பேர் தட்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். எதிர்க்கட்சித் தலைவர் அடுத்த கேள்வி கைவசம் இல்லாமல் உட்கார்ந்துவிட்டார். ஜெனரலுக்குத் தலைகால் புரியவில்லை.

இடைவேளையில், வராந்தாவில் அவரை வழிமறித்தார் எதிர்க்கட்சித் தலைவர்.

“பாலத்தைப் பத்தி இவ்வளவையும் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு, காலையில ரொட்டி சாப்பிடும்போது என்கிட்ட எதுக்குங்க அப்படித் திக்கினீங்க?”

“நம்ம பலவீனம் இங்கேதான்னு எதிரியை நம்ப வெச்சு அங்கேயே வரவழைக்கணும், பட்டாளத்துல அதுதான் முதல் பாடம்” என்று மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார் ஜெனரல்.